மருதம்பட்டையும் ஒரு ரோஸ் நிறமும்

சோதனைக் குழாயில் முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு பத்து நொடி இருக்கும். அப்புறம் அடியில் லேசாக ஒரு ரோஸ் கிளம்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஊதாவாக முறுகி, குழாய் முழுக்கப் பரவிவிட்டது. பஞ்சுமிட்டாயைத் தண்ணீரில் முக்கினால் வருகிற நிறம்.

"மாட்னடா பாஸ்கரு!" என்று கத்தினேன்.

கேட்க ஆள் இல்லை. சனிக்கிழமை பிற்பகல். திருவொற்றியூரில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த எங்கள் லேபில் நானும் ஒரு பல்லியும்தான். வெளியே கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. குழாயை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

குழாயில் இருந்தது என் அப்பா குடித்து மிச்சம் வைத்த மருதம்பட்டைக் கஷாயத்தின் மண்டி. அப்பா ஆஸ்பத்திரியில், நெஞ்சு முழுக்க ஒயர்களோடு படுத்திருந்தார். மருதம்பட்டையில் இந்த நிறம் வரக் கூடாது. அரளியில் வரும். இதயத் துடிப்பையே பிடித்து நிறுத்திவிடக்கூடிய சில சேர்மங்கள் சில செடிகளில் உண்டு. அவை இருந்தால்தான் நான் சொட்டிய கரைசல் ரோஸாகும்.

போன வாரம் மிளகாய்த் தூள் கலப்படக்காரரை நான் பிடித்த கதையைப் படித்துவிட்டு, காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "எல்லாரையும் பிடிக்கிறீங்களே, உங்களை யாராவது பிடிச்சிருக்காங்களா மேடம்?"

பிடித்திருக்கிறார்கள் ஐயா. இந்த வாரம் அதுதான்.

கெமிஸ்ட் என்றால்

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு நான் 'கெமிஸ்ட்'. அப்படியென்றால் அவர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் என்று அர்த்தம். காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது எதிர்வீட்டு அக்கா கேஸ் மாத்திரை கேட்பார். நான் எண்ணெய், தூள், பட்டை, வேர் எல்லாவற்றையும் கரைத்துப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவள் என்று ஒருமுறை நின்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, அப்ப வாய்வுக்கு இன்னா நல்லது?" என்றார்.

லேபுக்கு வருகிற மூலிகை சாம்பிள்களைப் பற்றித் தனியாக ஒரு தொடரே எழுதலாம். புட்டியின் மேல் சிவப்பாக ஒரு இதயம், நரைத்த தலையோடு ஒரு பெரியவர் கடற்கரையில் ஓடுகிற படம். உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்த்தால் மாவும் மரத்தூளும். அந்தப் பெரியவர் எதற்காக ஓடுகிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இருபது வருடம் இதைச் செய்தால் ஒரு திமிர் வந்துவிடும். உலகத்தில் எல்லோரும் எதையோ கலக்கிறார்கள், கண்டுபிடிக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்கிற திமிர். எனக்கு அது நன்றாகவே வந்திருந்தது.

நைனாவின் நெஞ்சு

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சூசை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, கீழே இருக்கிறவர்கள் சொல்வது எதுவும் அவர் காதில் விழாது.

எல்லோரும் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுத் திரிந்த காலம் அது. ஒருநாள் மாடிப்படி ஏறும்போது நைனாவுக்கு மூச்சு வாங்கி, கால் வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயம் பலவீனமாக இருக்கிறது, துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்றார்கள். நாலைந்து மாத்திரை எழுதினார்கள். அதில் ஒன்று டிகாக்சின். மிளகை விடச் சின்னது. தினம் ஒன்று, அதற்கு மேல் கூடவே கூடாது என்று டாக்டர் அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

பத்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டார். பதினோராம் நாள் அவருடைய கேரம் கூட்டாளி பட்டை பாஸ்கர் வந்தார்.

பாஸ்கர் மாமாவும் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தவர். நைனா மேலே கிரேனில் என்றால் அவர் கீழே கொக்கி மாட்டுகிற ஆள். ஒருவர் கையசைவுக்கு மற்றவர் முப்பது வருடம் உயிரைக் கொடுத்து வேலை செய்திருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு பாஸ்கர் மாமா மருதம்பட்டையில் இறங்கினார். வாணியம்பாடி பக்கம் பாலாற்றோரம் அவருக்குச் சொந்தக்காரர்கள். அங்கிருந்து மூட்டையில் பட்டை கொண்டுவந்து, மொட்டைமாடியில் காயவைத்து, மிஷினில் அரைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் சர்ச் வாசலில் தகர டின்னோடு உட்கார்ந்துவிடுவார். உள்ளே ஆன்மாவுக்கு, வெளியே நெஞ்சுக்கு என்று எங்கள் ஏரியாக் கிழவர்கள் இரண்டையும் ஒரே நடையில் முடித்துக்கொள்வார்கள்.

"சூச, இங்கிலீஷ் மருந்து துன்னா கிட்னி பூடும். இத்த ஒரு ஸ்பூன் தண்ணில போட்டு கொதிக்க வெச்சி குடி. எனுக்கு நெஞ்சுல வலி வந்து எத்தினி வர்சம் ஆச்சு? இப்ப நான் எப்டி கீறேன் பாரு" என்றார்.

நைனா பார்த்தார். அன்று இரவே மாத்திரைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். "இனிமே இந்த கலீஜெல்லாம் என் வாய்ல வெக்க மாட்டேன். பட்டை ஒண்ணு போதும்."

கெஞ்சினேன். சண்டை போட்டேன். அந்த டிகாக்சினே ஐரோப்பாவில் ஒரு பூச்செடியின் இலையிலிருந்து எடுப்பதுதான், அதுவும் நாட்டு மருந்துதான், நாடு மட்டும்தான் வேறு என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப அந்த நாட்டுக்காரன் துன்னட்டும்" என்றார்.

கஞ்சிக்குள்

மறுநாளிலிருந்து நான் அந்தக் கலப்படத்தை ஆரம்பித்தேன்.

நைனாவுக்குக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி வேண்டும். வேலைக்குக் கிளம்புமுன் கஞ்சி காய்ச்சி வைப்பது என் பொறுப்பு. மாத்திரைகளை, தீர்ந்தால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டு, கரண்டி அடியால் நசுக்கிப் போட்டு, வெல்லம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கலக்கிவிடுவேன். நைனா குடித்துவிட்டு, "இன்னிக்கி கஞ்சி நல்லாகீது" என்பார். எனக்கு உள்ளுக்குள் வெற்றிக்களிப்பு.

அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் அம்மா எலிசா ரகசியம் காப்பாற்றுகிற ஆள் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவம் போதாமல் அடுத்த வீட்டார் பாவத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருகிறவர்.

கொஞ்ச நாளில் நைனாவின் கால் வீக்கம் வடிந்தது. கேரம் கிளப்புக்கு நடந்தே போனார். பட்டையின் மகிமையை ராயபுரம் முழுக்கப் பரப்பினார். பாஸ்கர் மாமாவின் டின் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே காலியானது. என் மாத்திரைக்குக் கிடைக்கிற பெயர் பட்டைக்குப் போகிறதே என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நைனாவுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. வஞ்சிரம் வறுவலை வேண்டாம் என்று தள்ளியபோதே நான் பயந்திருக்க வேண்டும். ஒருநாள், "பல்ப மாத்துங்க, சுத்தி மஞ்சளா வளையம் வருது" என்றார். உடம்பில் விஷம் ஏறுவதற்கு அது அறிகுறி என்று தோன்றாமல் பல்பை மாற்றினேன். படித்த முட்டாள் என்று இதைத்தான் சொல்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பாத்ரூமில் விழுந்தார். வாந்தி. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நான் ஒரு மூச்சு விட்டுக்கொள்ள முடிந்தது.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர் ஈ.சி.ஜி. தாளை இழுத்துப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் கேட்டார்.

"டிகாக்சின் எத்தனை குடுக்கறீங்க?"

"ஒண்ணுதான் டாக்டர். என் கையாலதான் குடுக்கறேன்."

"நல்லா தெரியுமா?"

"நான் கெமிஸ்ட் டாக்டர்."

அவரும் மெடிக்கல் ஷாப் என்றுதான் நினைத்திருப்பார். "அப்ப வேற ஏதோ உள்ள போயிருக்கு. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடறாரா? அரளி மாதிரி எது கலந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் அம்மா வராண்டாவில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் திட்டில் நைனாவின் டம்ளர் இருந்தது. அடியில் கஷாய மண்டி. அதை ஒரு புட்டியில் வழித்து எடுத்துக்கொண்டேன். பாஸ்கர் மாமாவின் தூள் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை லேபில் தூளை மெத்தனாலில் ஊறவைத்தேன். அது ஒரு ராத்திரி ஊற வேண்டும். மண்டி தயாராக இருந்ததால் அதை முதலில் எடுத்தேன். பட்டையின் துவர்ப்பை ஈய உப்பு போட்டு இறக்கி வடிகட்டி, மீதியைக் குளோரோஃபார்மில் பிரித்து, ஆவியாக்கி, கரைசலைச் சொட்டினேன்.

ரோஸ்.

ஊறிக்கொண்டிருந்த தூளை நான் மறக்கவில்லை. அதைச் சோதிக்க அவசியமில்லை என்று நினைத்தேன். டிகாக்சினும் ரோஸ் காட்டும்தான், ஆனால் நைனாதான் முன்னமே எல்லா மாத்திரையையும் என்னிடம் கொடுத்துவிட்டாரே, என் மாத்திரை போவது கஞ்சிக்குள்ளாயிற்றே. கஷாயத்துக்குள் பாஸ்கரைத் தவிர வேறு யார் வர முடியும்?

சர்ச் வாசல்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம். பாஸ்கர் மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னாமா பிலோ, நைனா எப்டி கீறாரு? சாயங்காலம் வந்து பாக்கலாம்னு..."

"கொன்னுட்டு பாக்க வேற வருவியா?"

நான் கத்தினது மணிக்கூண்டு வரை கேட்டிருக்கும். "யோவ், மருதம்பட்டைனு சொல்லி அரளிப் பட்டைய அரைச்சி விக்கிறியே, நீயெல்லாம் மனுசனா? லேப்ல போட்டுப் பாத்துட்டேன்யா! விஷம்! எங்க நைனா சாகக் கெடக்கறாரு!"

கூட்டம் சேர்ந்தது. போன்கள் மேலே எழுந்தன. மீன் விற்கிற குருசம்மா தன் கையிலிருந்த பொட்டலத்தை அவர் காலடியில் போட்டார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போட்டார்கள்.

பாஸ்கர் மாமா சத்தம் போடவில்லை. "பட்டைய நானே உரிச்சி எடுத்தாந்தது பாப்பா" என்று மட்டும் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி தூளை அள்ளினார். எல்லோரும் பார்க்க வாயில் போட்டார். காய்ந்த தூள் தொண்டையில் அடைத்தது. இருமினார். மூக்கிலும் மீசையிலும் செந்தூள். கண்ணில் தண்ணீர். அப்படியும் இன்னொரு பிடி அள்ளினார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

நான், "நடிக்காதய்யா" என்றேன்.

அன்று மத்தியானத்துக்குள் அந்த வீடியோ நெட்டுக்குப்பம் வரை போய்விட்டது. 'அரளி பாஸ்கர்' என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். மறுநாள் அவர் தெருவில் நடந்தபோது பின்னால் நின்று ஊளையிட்டார்களாம். அவர் வீட்டுக் கதவை மூடிக்கொண்டார்.

நஸ்ரின் கேட்ட கேள்வி

திங்கட்கிழமை லேபில் நஸ்ரினிடம் குழாயை நீட்டினேன். நஸ்ரின் எங்கள் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. வியாசர்பாடிக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என் ரிப்போர்ட்டுகளைக் கிழிப்பாள்.

"சூப்பர் ரோஸ்க்கா. தூள்ல எப்படி வந்துச்சு?"

"தூள் இன்னும் பாக்கல."

"அரளி வெச்சிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பிளாங்க்?"

எதுவும் சேர்க்காத வெறும் கரைசலை இதே முறையில் செய்து பார்ப்பதற்குப் பெயர் பிளாங்க். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும், பிளாங்க் இல்லாத சோதனை சோதனையே இல்லை என்று நான்தான் மிரட்டுவேன்.

நஸ்ரின் குழாயை ஸ்டாண்டில் வைத்தாள். "அக்கா, அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். எழுந்துபோய்க் கையுறை மாட்டினாள்.

அரளிக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையின் நடுத்திட்டில் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்து ஒரு கிளையை ஒடித்து வந்தேன்.

வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு தகடு. அதன் அடியோரம் பொட்டு பொட்டாகச் சாம்பிள்களை வைத்து, கரைப்பானில் நிறுத்த வேண்டும். கரைப்பான் மேலே ஏறும்போது சேர்மங்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் அதனதன் உயரத்தில் நின்றுவிடும். நாங்கள் மூன்று பொட்டு வைத்தோம். பாஸ்கரின் தூள், டம்ளர் மண்டி, அரளிப் பட்டை.

ரோஸாக்குகிற கரைசலைத் தெளித்ததும் அரளிக்கு மேலே ஏணிப்படி போல நாலைந்து ரோஸ் பொட்டுகள் வந்தன. மண்டிக்கு மேலே ஒன்றே ஒன்று. அரளியின் எந்தப் படியோடும் அது ஒட்டவில்லை.

தூளுக்கு மேலே ஒன்றுமே இல்லை. வெள்ளை.

திரும்பச் செய்தேன். திரும்பவும் வெள்ளை. இன்னொரு தகட்டில், மருதம்பட்டைக்கே உரிய சேர்மங்களைக் காட்டுகிற வேறு கரைசலைத் தெளித்துச் சூடாக்கினோம். பாஸ்கரின் தூளில் ஊதா ஊதாவாக அத்தனை பொட்டுகளும் வரிசையாக வந்து நின்றன. இருபது வருடத்தில் அவ்வளவு சுத்தமான மருதம்பட்டை என் மேசைக்கு வந்ததில்லை.

"செடின்னா குடும்பத்தோட வரும்க்கா" என்றாள் நஸ்ரின், மண்டியின் ஒற்றைப் பொட்டைக் காட்டி. "இது ஒண்டியா நிக்குது. சுத்தம் பண்ணி எடுத்த சரக்கு. மாத்திரையா இருக்கும்."

என் கைப்பையில் நைனாவின் மாத்திரை அட்டை இருந்தது. ஒன்றை நசுக்கிக் கரைத்து, மண்டியின் பக்கத்தில் பொட்டு வைத்தேன். கரைப்பான் ஏறி முடிந்ததும் ரோஸாக்குகிற கரைசலைத் தெளித்தேன்.

இரண்டும் ஒரே உயரம். ஒரே ரோஸ்.

கஞ்சிக்குப் போன மாத்திரை கஷாயத்துக்கு எப்படி வந்தது?

அம்மாவின் பை

அன்று மாலை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நைனாவின் கைலியை அலசிக்கொண்டிருந்தார். நைனா தேறிக்கொண்டிருந்தார். எல்லா மருந்தையும் நிறுத்தியதில் துடிப்பு ஏறியிருந்தது.

"அம்மா, காலைல கஷாயம் யார் போடறது?"

"நான்தான். நீ கெளம்பனப்புறம். ஏன்?"

"அதுல தூளத் தவிர ஏதாவது போட்டியா?"

அம்மா கைலியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார். பிறகு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், செபமாலை வைக்கிற சின்னப் பையை எடுத்து வந்தார். உள்ளே செபமாலைக்கு அடியில் மாத்திரை அட்டைகள். எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுப்பவை.

"மாசாமாசம் ஆஸ்பத்திரி நோட்ட எட்த்துகினு போயி லைன்ல நின்னு வாங்கியாருவேன்" என்றார். "அந்தாளு துன்ன மாட்டேன்னு அடம் புடிச்சா வுட்ற முடியுமா? பட்டை மேலதான் நம்பிக்க. அதுலயே கலந்துட்டா தெரியாதுன்னு... நீதான் எல்லாத்தயும் எடுத்து வெச்சிகினியே, நீ குடுக்கறியா இல்லயான்னு எனுக்கு இன்னா தெரியும்?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ போயி அவராண்ட சண்ட போடுவ. அவரு கஷாயத்தயும் குடிக்க மாட்டாரு." பையை மூடிவிட்டு நிமிர்ந்தார். "நீ எதுல போட்ட?"

"கஞ்சில."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். தினம் ஒன்றுக்கு மேல் கூடாத மாத்திரை. காலை ஏழு மணிக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. இரண்டு பொம்பளைகள், ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒருவருக்கொருவர் தெரியாமல். இப்படியே இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரை அடக்கம் செய்திருப்போம்.

"நானா பிலோ அவர..." என்று ஆரம்பித்தார் அம்மா.

"நாம" என்றேன்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்கதானே?" என்றார்.

நைனாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முழுக்கக் கேட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். உயிர் போகப் பார்த்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப நடுவுல நான் நல்லா இருந்தேனே, அது பட்டையால இல்லியா?" என்று கேட்டார்.

"தெரியல நைனா. பட்டைக்கும் பங்கு இருக்கலாம். என் தகட்டால அத சொல்ல முடியாது."

"தெரியலன்னு சொல்ல உனுக்கு இப்பத்தான் தெரியுது" என்றார். பிறகு தலையைத் திருப்பி, "பாஸ்கரு வந்தானா?" என்று கேட்டார்.

வரவில்லை என்றேன். ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன். நைனா என்னை அடித்ததே கிடையாது. அன்று அவர் கையில் ஊசி குத்தியிருக்காவிட்டால் அடித்திருப்பார்.

மறு ஞாயிறு

அன்றே பாஸ்கர் மாமா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுதும் விட்டேன்.

"வூட்டாண்ட வந்து காதுல சொல்ற" என்றார். "சர்ச்சு வாசல்ல மைக் செட்டு கணக்கா கத்தன இல்ல? அங்க வந்து சொல்லு."

கதவு மூடிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் வெளியே வந்து, போன வாரம் நின்ற அதே இடத்தில் நின்றேன். பாஸ்கர் மாமா டின்னோடு வந்திருந்தார், ஆனால் மூடியைத் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க" என்றேன். யாரும் நிற்கவில்லை. மறுபடியும் சொன்னேன். நின்றார்கள். வேடிக்கை என்றால் ராயபுரத்தில் பிரியாணியைக்கூட விட்டுவிட்டு நிற்பார்கள்.

"போன வாரம் பாஸ்கர் மாமா தூள்ல அரளி இருக்குன்னு சொன்னேன். அது பொய். அவர் தூள நான் பாக்கவே இல்ல. பாக்காமயே சொன்னேன். இப்ப பாத்துட்டேன். சுத்தமான மருதம்பட்டை."

குருசம்மா இடுப்பில் கை வைத்து முன்னால் வந்தார். "அப்ப உன் நைனாவுக்கு எவன் இன்னாத்த கலந்தான்?"

"நாங்கதான்."

"நாங்கன்னா யாரு?"

"நானும் எங்க அம்மாவும். மாத்திர குடுத்தோம். ரெண்டு பேரும். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்."

பின்னாலிருந்து ஒரு குரல், "அடிப்பாவிங்களா, மனுசன ஷிப்டு போட்டு கொல்லப் பாத்திருக்காளுங்க!" என்றது. வாசலே சிரித்தது. அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் நின்றேன். சிரித்து முடிக்கிற வரை நின்றேன்.

"வீடியோ எடுங்க" என்றேன். "போன வாரம் எடுத்தவங்க எல்லாம் இதையும் எடுங்க. அனுப்புங்க."

எடுத்தார்கள். அது போன வாரத்து வீடியோ போன தூரத்தில் கால்வாசி கூடப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. இன்றும் மீஞ்சூர் பக்கம் யாராவது அவரை அரளி பாஸ்கர் என்கிறார்கள். அதை நான் எந்தக் கரைசலைத் தெளித்தும் அழிக்க முடியாது.

பாஸ்கர் மாமா சுவரை விட்டு நகர்ந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டின்னின் மூடியைத் திறந்தார். முதலில் குருசம்மா கை நீட்டினார். பிறகு இன்னொருவர். நியூஸ்பேப்பரில் பொட்டலம் மடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

முந்தின நாள்தான் நைனாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் படுத்திரு என்றால் கேட்கிற ஆளா? அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துபோய் டின் முன்னால் நின்றார். முப்பது வருடம் மேலேயும் கீழேயும் நின்று கையால் பேசிக்கொண்டவர்கள். நைனா ஒரு விரலை உயர்த்தினார், ஒரு பொட்டலம் என்று.

பாஸ்கர் மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மடித்த பொட்டலத்தை நைனாவைத் தாண்டிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார்.

"உனுக்கு கெடையாது சூச" என்றார். "கேரம் ஆட வா. டீ குடிக்க வா. வூட்டாண்ட வந்து குந்து. பட்டை மட்டும் கேக்காத. உன் வூட்டுல எவ எப்போ எத்த கலப்பான்னு எனுக்கு இன்னா தெரியும்? நான் எதுக்கு களி துன்னணும்?"

நைனா சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாஸ்கர் மாமாவுக்கும் மீசை துடித்தது. அம்மாவும் முக்காட்டுக்குள் சிரித்தார்.

தைரியம் வந்து நானும் சிரித்துக்கொண்டே, "மாமா..." என்று ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

பாஸ்கர் மாமாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கோபமும் இல்லை. வெயிலில் வரிசையில் நிற்கிற முன்பின் தெரியாத யாரோ ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நவுரும்மா" என்றார். "யாவாரத்த மறைக்கற."

நகர்ந்தேன்.